அணு உலைக்கு முன்னே வர வேண்டியவை

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களின் தமிழ்த் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளரும் நாடொன்று தனது முதல் அணுமின் நிலையத்தை அமைக்கும் முன் எவற்றையெல்லாம் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய வகுப்பின் பொருள். டாக்காவிலும் அங்காராவிலும் பேச வேண்டியதைப் பாறசாலையில் ஏன் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

நாம் அமர்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். 2011 மார்ச் மாதம் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்தபோது ஜப்பானிய அரசு 20 கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து மக்களை வெளியேற்றியது. அமெரிக்க அரசோ அங்கிருந்த தன் குடிமக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் சென்றுவிடச் சொன்னது. எந்த அளவு சரி என்பது வல்லுநர்களின் விவாதம். ஆனால் இரண்டாவது அளவை வைத்துக் கூடங்குளத்தைச் சுற்றி வட்டம் போட்டால், நெய்யாற்றின்கரை நகரமும் அதனுள் வந்துவிடுகிறது.

இரண்டாவது செய்தி, கேரளத்தில் முதல் அணுமின் நிலையம் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருப்பது. பூதத்தான்கெட்டும் கண்ணூர் மாவட்டத்துப் பெரிங்ஙோமும் ஒரு காலத்தில் பேசப்பட்டு, மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டவை. 2024இல் சீமேனி, அதிரப்பிள்ளி என்ற பெயர்கள் அடிபட்டன. ஆகவே இது நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட பொருள்.

சர்வதேச அணுசக்தி முகமை, முதல் அணுமின் நிலையம் அமைக்கும் நாடுகளுக்கென 2007இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. அது மூன்று கட்டங்களையும் பத்தொன்பது பொருள்களையும் வகுத்துச் சொல்கிறது. தேசிய நிலைபாடு, சட்டம், சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு, நிதி, மின்தொகுப்பு, பயிற்சி பெற்ற மனிதர்கள், இடத்தேர்வு, அவசரகாலத் திட்டம், எரிபொருள், கதிரியக்கக் கழிவு, மக்களோடு உறவு என்று அந்தப் பட்டியல் விரிகிறது. முதல் எண்ணத்திலிருந்து முதல் மின்சாரம் வரை பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பது அதன் கணக்கு. உலையை யாரிடம் வாங்குவது, எந்த வகை வாங்குவது என்பது முதல் கட்டத்தின் கேள்வியே அல்ல. ‘அணுமின்சக்தி வேண்டுமா, வேண்டாமா என்பதை அறிவோடு தீர்மானிக்கும் நிலையை நாடு எட்டிவிட்டதா’ என்பதே முதல் மைல்கல். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதனுள் அடங்கும்.

இந்த முகமை நடுநிலையானது என்ற மயக்கம் நமக்கு வேண்டாம். அணுசக்தியைப் பரப்புவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆயினும் அவர்களே எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் கேள்வி கேட்பதில் தவறேதும் இல்லை.

ஏனெனில் நடைமுறையில் வரிசை தலைகீழாகவே இருக்கிறது. விற்பவன் உலையோடு வருகிறான். கடனும் அவனே தருகிறான். சட்டமும் ஒழுங்குமுறையும் கழிவுக் கிடங்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். இதன் அப்பட்டமான உதாரணம் பிலிப்பைன்ஸ். மார்கோஸ் சர்வாதிகாரத்தின் கீழ் 1976இல் படான் பகுதியில், அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் 620 மெகாவாட் உலைக்கு வேலை தொடங்கியது. இடம் நாடிப் எரிமலையின் அருகில். செலவு 200 கோடி டாலரைத் தாண்டியது. கட்டி முடித்த உலையை, மார்கோஸ் வீழ்ந்து செர்னோபில் வெடித்த 1986ஆம் ஆண்டில் புதிய அரசு மூடி வைத்தது. ஒரு யூனிட் மின்சாரமும் அதிலிருந்து வரவில்லை. அந்நாட்டு உழைக்கும் மக்கள் அதற்கான கடனை 2007 வரை கட்டித் தீர்த்தார்கள்.

பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் ஒழுங்குமுறை ஆணையத்தை நிறுவி, அதன் பிறகே கொரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. வரிசை சரி. ஆயினும் பராக்கா முதல் உலை 2017இல் இயங்குவதாக இருந்து 2020 ஆகஸ்டில்தான் மின்சாரம் தந்தது. இயக்குநர்களின் பயிற்சியும் ஆயத்தமும் போதாமல் இருந்தது தாமதத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று. காங்கிரீட்டை விலைக்கு வாங்கலாம். கட்டுப்பாட்டு அறையில் அமரும் மனிதனை உருவாக்கப் பல்லாண்டுகள் வேண்டும்.

நமக்கு மிக அருகிலிருக்கும் பாடம் வங்கதேசம். பத்மா ஆற்றங்கரையில் ரூப்பூரில் 1960களில், அது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த நாளிலேயே, நிலம் எடுத்தாகிவிட்டது. 2012இல்தான் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2017 நவம்பரில் முதல் காங்கிரீட் ஊற்றினார்கள். தலா 1,200 மெகாவாட் கொண்ட இரண்டு ரஷ்ய உலைகள். மதிப்பீடு 1,265 கோடி டாலர். அதில் தொண்ணூறு சதவீதம் ரஷ்யக் கடன். 2023 அக்டோபரில் எரிபொருளும் முறைப்படி கையளிக்கப்பட்டது. உலையைக் காக்க வைத்த காரணங்களில் ஒன்று கம்பி. இந்தியக் கடனுதவியோடு தொடங்கிய மின்கடத்திப் பாதைகள், குறிப்பாகப் பெரும் ஆறுகளைக் கடக்கும் பாதைகள், குறித்த காலத்தில் முடியவில்லை.

கம்பி என்றதும் சிறிய செய்தி என்று கருதிவிடாதீர்கள். அணு உலைக்கும் மின்தொகுப்புக்கும் உள்ள உறவு இருவழிப்பட்டது. 1,000 மெகாவாட் உலை ஒன்று திடீரென நின்றால், அந்தப் பற்றாக்குறையை நொடிகளுக்குள் தாங்கும் அளவுக்குத் தொகுப்பு பெரிதாக இருக்க வேண்டும். ஒற்றை உலை முழுத் தொகுப்பின் திறனில் பத்து சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் அளவு. மறுபுறம், நின்றுபோன உலைக்கும் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். பிளவுவினை நின்ற கணத்திலும் உலையின் வெப்பத்தில் ஆறேழு சதவீதம் எஞ்சியிருக்கும். கூடங்குளம் உலை ஒன்றின் வெப்பத்திறன் 3,000 மெகாவாட். ஆக, அணைத்த பிறகும் ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பத்தை உடனே வெளியேற்ற வேண்டும். அது படிப்படியாகத்தான் குறையும். ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்தவுடன் உலைகள் நின்றுவிட்டன. வெளி மின்சாரம் அறுந்து, மாற்று டீசல் ஜெனரேட்டர்கள் ஆழிப்பேரலையில் மூழ்கிய பிறகே எரிபொருள் உருகியது.

இந்தியாவில் 2013 இறுதியில் தென்மண்டலத் தொகுப்பும் வடக்கோடு இணைந்து நாடு முழுதும் ஒரே தொகுப்பானது. ஆகவே தொகுப்பின் அளவு நமக்குத் தடையல்ல. பாதைதான் தடையாயிற்று. கூடங்குளம் முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் கேரளத்துக்கு ஒதுக்கப்பட்டது 266 மெகாவாட். முதல் உலை 2013 அக்டோபரில் தொகுப்போடு இணைந்தது. அந்த மின்சாரத்தைத் திருநெல்வேலியிலிருந்து இடமண் வழியாகக் கொச்சிக்குக் கொண்டுவர வேண்டிய 400 கிலோவோல்ட் பாதையில், இடமண் முதல் கொச்சி வரையிலான 148 கிலோமீட்டர் பகுதி 2019இல்தான் முடிந்தது. ரப்பர் தோட்டமும் வீட்டு மனையும் இழப்போருக்கு உரிய இழப்பீடு என்ன என்ற வழக்கில் பல்லாண்டுகள் கரைந்தன. அதுவரை கேரளத்தின் பங்கு உடுமலைப்பேட்டை வழியாகச் சுற்றி வந்தது; வழியில் இழப்பும் கூடியது. மக்களை எதிரிகளாகப் பார்த்த வரை அந்தப் பாதை நகரவில்லை, இழப்பீடு முடிவான பின்னரே கோபுரங்கள் எழுந்தன.

இந்தியா தன் முதல் அணுமின் நிலையத்தை எப்படி அமைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1948இல் அணுசக்தி ஆணையம், 1954இல் துறை, 1956 ஆகஸ்டில் அப்சரா ஆய்வு உலை, 1957இல் டிராம்பே பயிற்சிப் பள்ளி. இவற்றுக்குப் பின் 1969இல் தாராப்பூர். உலைகளை அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கட்டித் தந்தபோதிலும் இயக்கும் ஆட்களை நாமே உருவாக்கியிருந்தோம். அதனால்தான் 1974 அணுச் சோதனைக்குப் பின் கனடா கைவிட்டுப் போன ராஜஸ்தான் இரண்டாம் உலையை நம் பொறியாளர்களால் முடிக்க முடிந்தது. கல்பாக்கத்தில் நம் கையாலேயே கட்ட முடிந்தது. பொதுத்துறையும் சுயசார்பும் தந்த பலன் இது. இந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் அள்ளப்படும் மணலில்தான் தோரியம் தரும் மோனசைட் இருக்கிறது. மண்ணைக் கொடுத்த ஊர்களுக்கு என்ன கிடைத்தது என்பது தனியே ஒரு வகுப்பெடுக்க வேண்டிய பொருள்.

ஆனால் அதே இந்தியா ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பிறந்தது 1983 நவம்பரில், அதாவது தாராப்பூர் இயங்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து. அதுவும் தனிச் சட்டத்தால் அமைந்ததன்று, நிர்வாக உத்தரவால் அமைந்தது. எந்தத் துறையைக் கண்காணிக்க வேண்டுமோ அந்தத் துறையின் செயலாளரே தலைவராக இருக்கும் ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டிய வாரியம். 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். உலை சுயசார்பாயிற்று, கண்காணிப்பு ஆகவில்லை.

கூடங்குளம் பற்றி நம் எல்லையோரத் தோழர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டார்கள். உலைக்கு வேண்டிய நன்னீரைப் பேச்சிப்பாறையிலிருந்து எடுப்பதாகத் திட்டம். திருவிதாங்கூர் காலத்தில் கட்டப்பட்டு, 1906 முதல் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அது. விவசாயிகளைக் கேட்டார்களா? இல்லை. 1989 மே முதல் நாள் கன்னியாகுமரியில் முடிந்த மீனவர்களின் நெடும்பயணம் தண்ணீரைக் காக்கும் முழக்கத்தோடு வந்தது. அதன் முடிவில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிற்பாடு பேச்சிப்பாறைத் திட்டம் கைவிடப்பட்டு, கடல்நீரை நன்னீராக்கும் ஆலை அமைந்தது. முதலிலேயே செய்திருக்கக் கூடியதுதானே அது! நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீருக்காக விளவங்கோடு விவசாயிகள் இன்றும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் எத்தகைய நெருப்பு என்பதை இந்த எல்லையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கழிவின் கதை இன்னும் கசப்பானது. 1988 ஒப்பந்தப்படி பயன்படுத்தப்பட்ட எரிபொருளை ரஷ்யாவே திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும். பத்தாண்டு கழித்துத் திருத்திய ஏற்பாட்டில் அது இந்தியாவிலேயே இருக்கும் என்றாயிற்று. ரூப்பூருக்கு 2017இல் வங்கதேசம் ரஷ்யாவோடு செய்த உடன்பாடோ எரிபொருளைத் திருப்பி அனுப்ப வழி செய்கிறது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கூடங்குளத்தை அனுமதித்தபோது பதினைந்து நெறிமுறைகளை விதித்தது. உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு மையத்தை ஐந்தாண்டுக்குள் அமைக்க வேண்டியிருந்தது. 2018இல் மேலும் அவகாசம் பெற்றார்கள். 2019 ஜூலையில் நடக்கவிருந்த பொதுக் கருத்துக் கேட்பும் தள்ளிவைக்கப்பட்டது. முதல் உலை ஓடத் தொடங்கிய பின்னும் கழிவை எங்கே வைப்பது என்ற பேச்சு முடியவில்லை. இதற்கிடையே மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளுக்கும் அங்கே காங்கிரீட் ஊற்றியாகிவிட்டது.

மக்களோடு உறவு என்ற பொருளில் நம் அரசுகள் பெற்ற மதிப்பெண் எதுவென்று 2012 செப்டம்பர் காட்டியது. இடிந்தகரையில் தடியடி, மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார், ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. அதே மாதம் 18ஆம் நாள், அன்று கேரள எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் கூடங்குளம் செல்லப் புறப்பட்டு, இதோ நம் களியக்காவிளையில் தமிழகக் காவல்துறையால் தடுத்து நிறுத்தப்பட்டார். அந்தப் பயணம் இடதுசாரி இயக்கத்துக்குள்ளேயே விவாதத்தைக் கிளப்பியதை மூத்த தோழர்கள் அறிவர். அந்த விவாதத்தை இங்கே மீண்டும் நடத்த நான் வரவில்லை. ஒரு மாநிலத்தின் எதிர்க்கட்சித் தலைவருக்கே எல்லையில் பதில் கிடைக்கவில்லையென்றால், பொழியூர் மீனவருக்கு யார் பதில் சொல்வார்கள் என்பதே என் கேள்வி.

இங்கேதான் நம் பகுதியின் தனிப் பிரச்சினை வருகிறது. இந்தியாவில் அணுமின் நிலையத்துக்கு வெளியே அவசரகாலத் திட்டம் 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வகுக்கப்படுகிறது. அதை நடத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு உரியது. கூடங்குளத்துக்குத் திருநெல்வேலி ஆட்சியர். 2012 ஜூனில் நக்கனேரியில் ஒத்திகை நடத்தினார்கள். 16 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர்களுக்கும் செய்தி வேண்டும்: பால், மீன், கீரை, கிணற்றுநீர் பாதுகாப்பானதா, வீட்டுக்குள் இருக்க வேண்டுமா, பிள்ளைகளின் தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை தேவையா என்று. அந்த மாத்திரை கதிரியக்க அயோடின் உடலுக்குள் போவதற்குச் சற்று முன்போ, போன சில மணி நேரத்துக்குள்ளோ கிடைத்தால்தான் பயன். மறுநாள் வரும் மாத்திரையை வைத்து என்ன செய்வது?

செய்தி இந்த எல்லையைத் தாண்டும் வேகத்தை நாம் ஒக்கியில் பார்த்தோம். 2017 நவம்பர் இறுதியில் எச்சரிக்கை வருமுன்பே பொழியூர், பூவாறு, நீரோடி, தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. யார் எந்த மாநிலத்துப் படகில் போனார், எந்த மாநிலத்துப் பட்டியலில் சேர வேண்டும் என்று கரையில் காத்திருந்த குடும்பங்கள் இரு பக்கமும் அலைந்தன. கடலுக்கு மாநில எல்லை தெரியாது. நிர்வாகத்துக்கு எல்லையைத் தவிர வேறொன்றும் தெரியாது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தன. கோடு போட்டவர்கள் ஒரே குடும்பத்தின் இரு கிளைகளை இரண்டு ஆட்சியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகம் மலையாளத்தில் அறிவிக்கும், திருநெல்வேலி தமிழில் அறிவிக்கும். மலையாளம் வாசிக்கத் தெரியாத நம் தமிழ்ப் பாட்டிகளிடம் அந்தச் செய்தியை யார் கொண்டு சேர்ப்பது?

கேரளத்தின் முதல் நிலையம் என்ற பேச்சுக்கும் ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் 20,000 பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது நம் நாட்டு இடத்தேர்வு நெறிகளில் உள்ள அளவுகோல். 5 கிலோமீட்டர் வட்டத்தின் பரப்பு 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சதுர கிலோமீட்டருக்கு 859 பேர். பெருக்கிப் பாருங்கள்: 67,000ஐத் தாண்டுகிறது. பாதி வட்டம் கடலாக இருந்தாலும் 33,000க்கு மேல். ஆகவேதான் பார்வை காட்டின் பக்கம், காடர் பழங்குடியினர் வாழும் அதிரப்பிள்ளியின் பக்கம் திரும்புகிறது. இடம் தேடுவது வெறும் பொறியியல் வேலை என்று நம்பும் தோழர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

இந்த நிலையில்தான் ஒன்றிய அரசு 2025 பட்ஜெட்டில், 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சக்தி என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம், 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டு இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டத்தையும் அகற்றி, நிலையங்களைக் கட்டவும் இயக்கவும் தனியாருக்குக் கதவு திறந்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அடிப்படை கிடைத்திருப்பதை மறுக்க வேண்டியதில்லை. அது நாம் நெடுநாள் கேட்டதுதான். ஆனால் குறைபாடுள்ள கருவியை விற்றவனிடமிருந்து இழப்பீட்டைத் திரும்பப் பெற, போபாலின் நினைவோடு போராடிச் சேர்த்த 17(பி) பிரிவு போய்விட்டது. 2013இல் கூடங்குளத்தில் குறைபாடுள்ள வால்வுகளை மாற்ற வேண்டி வந்த அனுபவத்துக்குப் பின்னும் இப்படி. முதல் நிலையம் அமைக்கும் நாட்டுக்குச் சொல்லப்படும் பத்தொன்பது ஆயத்தங்களில் எத்தனையை லாபத்துக்காக ஓடும் நிறுவனம் தன் செலவில் செய்யும்? ஒப்பந்தத் தொழிலாளியின் கதிரியக்க அளவைப் பதிவது முதல் செலவாகத் தோன்றும். ஆண்டுக்கு 30 மில்லிசீவர்ட், ஐந்தாண்டில் 100 என்ற வரம்பு நிரந்தரத் தொழிலாளியின் ஏட்டில் இருக்கும். மூன்று மாதம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் நம் பையனின் ஏடு யாரிடம் இருக்கும்?

அணு அறிவியலை நாம் வெறுப்பவர்கள் அல்லர். ஆயத்தம் இல்லாமல் வாங்குவதையும், கேட்காமல் கட்டுவதையும், தனியார் லாபத்துக்குப் பொதுமக்கள் காப்பீடாக நிற்பதையும் எதிர்க்கிறோம்.

இனி வேலை. எல்லையோரக் கிளைகள் சேர்ந்து, திருவனந்தபுரம், கன்னியாகுமரி, திருநெல்வேலி ஆகிய மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரே மனுவைத் தர வேண்டும். கூடங்குளத்தில் ஏதேனும் நேர்ந்தால் பாறசாலைப் பஞ்சாயத்துக்கும் களியக்காவிளைப் பேரூராட்சிக்கும் செய்தி சொல்ல வேண்டிய அலுவலர் யார் என்று பதவிப் பெயரோடு கேளுங்கள். அயோடின் மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பில் உள்ளது என்று கேளுங்கள். அறிவிப்புகள் தமிழ், மலையாளம் இரண்டிலும் வில்லேஜ் ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கூடங்குளத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்வந்தவர்களின் பட்டியலைக் கிளைகளே தயாரித்து, அவர்களின் கதிரியக்கப் பதிவேட்டு நகலைக் கேட்டு விண்ணப்பிக்க உதவுங்கள். மனுவின் மலையாளப் படியை நெய்யாற்றின்கரைத் தோழர்கள் எழுதட்டும், தமிழ்ப் படியைப் பாறசாலைக் கிளை எழுதட்டும். கையெழுத்து வாங்குவதைக் களியக்காவிளைச் சந்தையில் தொடங்குங்கள். மீன் விற்க வரும் பெண்களிடம் முதலில் போங்கள்.